ஓராள் விட்டு நில்லுங்க

செல்வதாஸ் அண்ணன் சந்தா கட்டுவதென்று முடிவெடுத்துவிட்டார் என்ற செய்தி ஒரு வியாழக்கிழமை காலை பாறசாலைச் சந்திப்பில் வைத்து எனக்குத் தெரிவிக்கப்பட்டது. தெரிவித்தவர் அவரேதான். குறுந்தகட்டோடு விலைக்கு வாங்கிய பழைய போட்டோ மென்பொருளை விட்டுவிட்டு, மாதாமாதம் கட்டணம் கட்டும் புதியதற்கு மாறுவதா வேண்டாமா என்பது பல ஆண்டுகளாக அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. அந்தக் காலத்துக்குள் நம் சபைக்குப் போதகர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். நெய்யாற்றில் வெள்ளம் வந்து வடிந்தது. எதுவும் அவருடைய சிந்தனையைக் கலைக்கவில்லை.

"தீர்மானிச்சாச்சு ஓய்," என்றார். நான் கை கொடுத்தேன். அவரும் முறைப்படி கையைக் குலுக்கினார். சாயாக் கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். இருவருமாக விளக்கிச் சொன்னோம். அவர் கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ராஜன் என்னைக் கூப்பிட்டான். ராஜன் அண்ணனுடைய மைத்துனன், ஸ்டுடியோவில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். அவன் என்னைக் கூப்பிடுவது எப்போதும் ஒரே காரியத்துக்காகத்தான்.

"சாரே, பிளக்ஸுக்கு எழுதணும்."

"யாருக்கு?"

"பேனா எடுத்தாச்சா?"

எடுத்துவிட்டேன் என்றேன்.

"பேரு செல்வதாஸ்," என்றான். அதற்கு மேல் வீட்டுப் பெயரைச் சொல்ல அவனால் முடியவில்லை. எனக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக ஷட்டரைப் பாதி இறக்கிய அண்ணன் அங்கேயே சரிந்திருக்கிறார். மீதிப் பாதியைப் பக்கத்துக் கடைக்காரர்தான் இறக்கினார்.

சந்திப்புகளில் வைக்கும் மரண அறிவிப்புப் பலகைகளுக்கு முகத்தை அவர் தருவார், வாசகத்தை நான் தருவேன். இப்படித்தான் எங்கள் நட்பு வளர்ந்தது. ஆரம்பத்தில் நான் இறந்தவர்களின் நற்குணங்களை விரிவாக எழுதிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக அடித்துவிட்டுத் திருப்பித் தருவார். "பஸ்ஸுல போறவனுக்கு இதெல்லாம் படிக்க நேரம் உண்டா? பேரு, வீட்டுப்பேரு, அடக்கம் எத்தன மணிக்கு. குணமெல்லாம் நீரு சபைப் பத்திரிகையில எழுதும், அங்க ஆரும் படிக்க மாட்டாவ." அந்தப் பத்திரிகையில்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அவருடைய உண்மையான வேலை பலகை அல்ல என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். நம் வீடுகளில் அடக்கத்துக்கு முன்னால் பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தார் எல்லோரும் நின்று ஒரு படம் எடுப்பது வழக்கம். எல்லோரும் என்பதுதான் சிக்கல். ஒருவர் வளைகுடாவில் இருப்பார், ஒருவர் இங்கிலாந்தில் இருப்பார், ஒருவருக்கு லீவு கிடைத்திருக்காது. அண்ணன் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு முதலில் சொல்லும் வார்த்தை "ஓராள் விட்டு நில்லுங்க" என்பதுதான். அழுதுகொண்டிருப்பவர்கள் அழுதபடியே நகர்ந்து, வராத மகனுக்கோ மகளுக்கோ இடம் விடுவார்கள். பிறகு அவர் ஸ்டுடியோவுக்கு வந்து அந்த இடத்தில் அந்த ஆளை நிறுத்துவார். உங்களில் பலருடைய முன்னறையில் அவர் கைபட்ட படம் தொங்குகிறது. அதில் யார் வந்திருந்தார், யார் வரவில்லை என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

இதில் அவருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. வர முடியாதவருக்கு இடம் உண்டு, வர மாட்டேன் என்றவருக்குக் கிடையாது. இதை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே கேமராவைத் திறப்பார். இன்னொன்று, வராதவருடைய படம் அன்றைக்கு எடுத்ததாகவே இருக்க வேண்டும். பழைய கல்யாண ஆல்பத்திலிருந்து முகம் வெட்ட மாட்டார். "சிரிச்ச மூஞ்சியக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்துல வச்சா நல்லாவா இருக்கும்?" என்பார். தூரத்து ஊரிலிருப்பவரைத் தாமே போனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பார். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தேன். "மக்கா, ஜன்னல் இடதுகைப் பக்கம் வாறமாதிரி நில்லு. போனப் பாக்காண்டாம். தாழப் பாரு, அங்க அப்பா கெடக்காருன்னு நெனச்சுக்க. கண்ணத் தொடைக்காண்டாம். எடுத்து எனக்க நம்பருக்கு அனுப்பு." மறுமுனையில் இருந்தவர் ஒரு கப்பலில் சமையற்காரர். அவருக்கு ஜன்னல் இல்லை. கப்பலின் மேல்தளத்துக்குப் போய் எடுத்து அனுப்பினார். இப்படி எல்லா நாடுகளிலிருந்தும், எல்லோரும் அந்த ஒரே எண்ணுக்கு அனுப்பிப் பழகியிருந்தார்கள்.

சந்தா விஷயத்தில் அவருடைய எதிர்ப்பு மிகவும் எளியது. "காசு குடுத்து வாங்கின சாதனத்துக்கு இனி வாடகை குடுக்கணுமாம். ஒரு மாசம் குடுக்கலன்னா நான் செஞ்ச படத்த எனக்கே தெறந்து காட்ட மாட்டானாம். இது எந்த ஊரு நியாயம் ஓய்?" எந்த ஊர் நியாயம் என்று எனக்கும் தெரியவில்லை. சுற்றிலும் எல்லா ஸ்டுடியோக்காரர்களும் மாறிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் மகன் ஜெபின், தானே மாதாமாதம் கட்டிவிடுகிறேன் என்றான். அண்ணன் ஆலோசிக்க வேண்டும் என்றார். ரோஸ்லெட் அக்காளுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னைய கெட்டுறதுக்கு இவரு இவ்வளவு ஆலோசிக்கல்ல சாரே. வந்தாரு, காப்பி குடிச்சாரு, சரின்னாரு."

"அது ஒருக்கத்தானே," என்றார் அண்ணன். "மாசாமாசம் இல்லியே."

"அப்பிடி நெனச்சாக்கும் வந்து மாட்டுனீங்க."

புதிய மென்பொருளைப் பற்றி விளக்க நெய்யாற்றின்கரையில் ஒரு கூட்டம் நடந்தது. என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். மேடையில் ஓர் இளைஞர் பெரிய திரையில் ஒரு கல்யாணப் பந்தலைக் காட்டினார். காலியாக இருந்த ஒரு நாற்காலியைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார். சற்று நேரத்தில் அதில் மீசை வைத்த ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரம்கூடக் கட்டியிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் எழுந்து நின்றார்.

"இது ஆரு?"

"ஆருமில்ல சேட்டா. சாப்ட்வேர் தன்னே உண்டாக்கியது."

"ஆருமில்லாதவனுக்கு எதுக்கு நாற்காலி?"

இளைஞர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அண்ணன் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். இருவரும் பஸ் ஏறினோம். அவர் வீடு இருக்கும் காரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் சொன்னார்: "நானும் இல்லாதவனத்தான் வைக்கேன். ஆனா அவனுக்கு ஒரு அம்ம உண்டு."

அவரை மாற வைத்தது பெருங்கடவிளையில் ஒரு மரணம். இறந்த அம்மாவின் ஒரே மகள் குவைத்தில் இருந்தாள். வர முடியவில்லை. அண்ணன் சொன்னபடியே நின்று படம் எடுத்து அனுப்பினாள். அவளுடையது புதிய போன். அந்தப் படத்தைப் பழைய மென்பொருள் திறக்க மறுத்துவிட்டது. வேறு வகைக்கு மாற்றித் திறக்க வழியுண்டென்று பின்னால் அறிந்தேன். அன்று எங்கள் இருவருக்கும் அது தெரியாது. சட்டம் போட்ட படம் வேண்டுமென்று வீட்டார் அவசரப்படுத்தினார்கள். அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கல்யாண ஆல்பத்தை வாங்கினார். அவள் முகத்தை எடுத்து, சிரிப்பை மட்டும் மெல்ல மெல்ல அழித்து, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பார்த்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. அவள் மட்டும் குவைத்திலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணா, நான் அன்னைக்கு இப்பிடி இருக்கல்ல. அன்னைக்கு எனக்க மூஞ்சிய நான் கண்ணாடியில பாத்தேன். இது வேற நாளுள்ள மூஞ்சியாக்கும்."

மறுநாள் அவர் கடை திறக்கவில்லை. அதற்கடுத்த வாரம் ஜெபினிடம் சரி என்று சொல்லிவிட்டார்.

பழைய கணினியை நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்தார். அதில், என்னிடம் சொன்ன அந்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள்தான் புதிய மென்பொருள் வந்து சேர்ந்தது. திறக்கும்போதெல்லாம் அவர் போனுக்கு ஓர் எண் வரும், அதைப் போட்டால்தான் உள்ளே விடும். போன் அவருடைய பெருவிரலுக்குத்தான் திறக்கும். இது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. "நான்தானான்னு கேட்டிட்டாக்கும் உள்ள விடுதான்," என்று பெருமையாகச் சொன்னார். அந்த வியாழக்கிழமை சாயாக் கடை வாசலில் வைத்துப் பழைய குறுந்தகட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "நீரு வச்சுக்கிடும். எனக்க கையில இருந்தா மனசு மாறும்."

அடக்கத்துக்கு ஜெபின் வரவில்லை. வேலை மாறியதில் அவனுடைய விசா புதுப்பித்து வரவேண்டியிருந்தது. அதற்குள் அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. வர முடியாதவன் என்ற பிரிவில் அவன் சேர்வதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அண்ணன் இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

படம் எடுக்க நெய்யாற்றின்கரை ஸ்டுடியோவிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். காரோட்டு வீட்டு முற்றத்தில், தார்ப்பாய்க்குக் கீழே, பெட்டியைச் சுற்றி எல்லோரும் வந்து நின்றோம். அந்தப் போட்டோகிராபர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, "கொஞ்சம் அடுத்து நில்லுங்க, நடுவுல கேப் வருது," என்றார். ஒருவரும் நகரவில்லை. தலைமாட்டில் ரோஸ்லெட் அக்காளுக்கும் ராஜனுக்கும் நடுவே, ஓராள் நிற்கும் அளவுக்கு, யாரும் சொல்லாமலேயே இடம் விட்டிருந்தோம். அவர் மறுபடியும் சொன்னார். "அது இடமாக்கும்," என்றாள் அக்காள். "அதுல ஆளு வரணும். எடுங்க."

எடுத்து முடிந்ததும் ராஜன் என்னை ஓரமாக அழைத்துப் போனான். ஜெபினை நம் ஸ்டுடியோவிலேயே படத்தில் வைத்துவிடலாம், தனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, ஆனால் கணினி போனுக்கு வரும் எண்ணைக் கேட்கிறது என்றான். அண்ணனுடைய போன் அக்காளின் கையில் இருந்தது. பெட்டி இன்னும் மூடவில்லை. அவன் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. அக்காளுக்கும் புரிந்துவிட்டது.

"வேண்டாம்லே."

"அக்கா, ஒரு செக்கண்டு. வெரல மட்டும்..."

"எனக்க பிள்ள படத்துல வரணும்னு எனக்கு இல்லியா? அந்தக் கைய வச்சு இனி ஒருத்தரும் ஒரு வேலையும் வாங்காண்டாம்." பெட்டியைப் பார்த்து, "அங்கேரே கொடுத்திருந்தா வேற," என்றாள். அவள் கையிலிருந்த போன் அப்போது ஒருமுறை சத்தம் எழுப்பியது. அவள் அதை அணைத்து ராஜனிடம் கொடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னாள். போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார்.

படத்தை நெய்யாற்றின்கரைக்காரரே முடித்துத் தருவதென்று ஏற்பாடாயிற்று. ஜெபின் அவருக்குத் தன் படத்தை அனுப்பியிருப்பான் என்று நாங்கள் நினைத்தோம். சட்டம் போட்ட படம் நேற்று, ஜெபக்கூட்டத்துக்குச் சற்று முன்னால் வந்தது. ராஜன் அதைப் பார்த்துவிட்டு, நடுவில் நிற்பது யாரென்று கேட்க அந்தப் போட்டோகிராபரைப் போனில் கூப்பிட்டான். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன்.

"அந்த இடத்துல ஆளு வரணும்னு அம்ம பறஞ்ஞல்லோ," என்றார் அவர். "ஞான் காத்திருந்நு பாத்தேன், ஆரும் படம் அனுப்பல்ல. பின்ன நம்ம சந்தாவுல அந்த வசதி உண்டாக்கும். அது தன்னே ஒராள வச்சுத் தந்துது. நல்ல மேட்ச்சா இருக்கில்லியா?"

பிறகு ஜெபினைக் கூப்பிட்டோம். அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அடக்கத்தன்றைக்கே, ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, தாழப் பார்த்து, கண்ணைத் துடைக்காமல் எடுத்து அனுப்பிவிட்டதாகச் சொன்னான்.

"யாருக்குடே அனுப்பின?" என்றான் ராஜன்.

"அப்பாக்க நம்பருக்கு," என்றான். பிறகு, "அதுக்குத்தானே அனுப்பணும் மாமா?" என்று கேட்டான்.

அண்ணனுடையதாக என்னிடம் இருப்பது அந்தக் குறுந்தகடு. அதைப் போடுவதற்கு என் கணினியில் வாய் கிடையாது. அதோடு, எந்தக் கூட்டுப் படத்திலும் பக்கத்தில் நிற்பவரோடு ஒட்டி நிற்க எனக்கு வருவதில்லை. அதுவும் அவர் கொடுத்ததுதான். அதை வைத்துக்கொள்வேன்.

ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டதால் படத்தை முன்னறைச் சுவரில் மாட்டினார்கள். பெட்டியின் தலைமாட்டில் ரோஸ்லெட் அக்காள், அடுத்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், அடுத்து ராஜன்.