கூர் உள்ளே பார்த்த மோதிரம்

மாட வீதியில் நான் நகை ரிப்பேர் பார்த்த கடைக்கு அவர் ஒரே ஒரு தடவைதான் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பேசுமுன் தொண்டையைச் செருமும் பழக்கம். மோதிர விரல் வீங்கியிருந்தது.

“நாளைக்கு ஆபரேஷன். மோதிரத்தோட வரக்கூடாதாம். ரெண்டு கடையில கட்டரை எடுத்துட்டான். நீ வெட்டாம எடுப்பியா?”

பழைய தங்கம். மேலே கவராயமும் மூலைமட்டமும் பொறித்திருந்தது.

“இன்னா சார், கொத்தனார் சாமானைப் போட்டுகினு கீறீங்க?” விரலைப் புண்ணாக்கிவிடுவேனோ என்ற பயத்தை மறைக்கத்தான் கேட்டேன்.

“எங்க சங்கத்து அடையாளம்பா. மட்டம், நேர்மையா நடக்க. கவராயம், ஆசைக்கு எல்லை போட.”

மோதிரத்துக்கு அடியில் நூலை நுழைத்து, விரலில் இறுக்கிச் சுற்றி, மெல்லப் பிரித்தேன். நூல் நடுங்கிக்கொண்டே இருந்தது; மோதிரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. “வலிக்குதா சார்?” என்று பத்து தடவை கேட்டிருப்பேன். அவர் முனகவே இல்லை.

முழுசாக வந்துவிட்டது.

“கவராயத்துக் கூர் ஏன் சார் உங்க பக்கம் பார்த்தாப்ல போட்டிருந்தீங்க?”

“அளக்க வேண்டியது ஊரை இல்ல, நம்மளைத்தான்.”

“எட்டாவதோட நின்னதுலேர்ந்து நான் அதைத்தான் சார் பண்றேன். அளந்து அளந்து தூக்கமே இல்ல.”

அவர் தொண்டையைச் செருமினார். “அப்ப ஒரு தடவை என்னையும் அளந்து பாரு” என்று வெறும் கையை நீட்டினார்.

பிடித்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. அதுவரை நூலில் தெரிந்த நடுக்கமெல்லாம் என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.