லாரி நின்ற இரண்டு மணி நேரம்

நர்ஸாக நான் வீட்டில் பார்த்துக்கொண்ட பக்கவாத நோயாளியின் மகளுக்கு லாரி ஷெட்டில் மீட்டரம்மா என்று பெயர். பதினான்கு லாரிகள் அவள் பொறுப்பு. காலையில் முதல் வேலையாக ஒவ்வொரு வண்டியிலும் ஏறி, முந்தின நாள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இன்ஜின் எத்தனை மணி நேரம் வேலை செய்தது, டீசல் எவ்வளவு போனது என்று நோட்டில் எழுதுவாள். நான்கு மணி நேரத்துத் தூரத்துக்கு மீட்டர் ஐந்து காட்டினால் போதும், இன்ஜினை அணைக்காமல் எங்கே நிறுத்தி வைத்தாய் என்று டிரைவரைப் பிடித்துக்கொள்வாள். அவளிடம் யாரும் கதைவிட முடியாது.

அவள் வீட்டுக்காரரும் அங்கேதான் டிரைவர். வாயைத் திறக்காத மனிதர். மூன்று மாதமாக ஒரு பழைய வண்டியை ஓட்டுகிறார். தினமும் அதே நூற்றறுபது கிலோமீட்டர், நான்கு மணி நேரத்து வேலை. மீட்டரோ ஆறு காட்டியது. கேட்டதற்கு, டிராஃபிக் என்றார். எல்லா நாளும் சரியாக இரண்டு மணி நேர டிராஃபிக்கா?

அந்த வழியில் ஒரு எடைமேடை இருக்கிறது. அங்கே சீட்டு எழுதித் தரும் பெண் டிரைவர்களிடம் சிரித்துப் பேசுவாளாம். மீட்டரம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டுக்காரர் சட்டையை மோந்து பார்த்தாள். போனைத் துழாவினாள். ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணையே பார்த்துவிட்டு வந்தாள். நான் அவள் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவரது காலைத் தூக்கிப் பிடித்தபடியே அவள் சொன்னாள்.

“பல்லு வரிசையா இருக்கு சிஸ்டரம்மா. என்னைவிட நிறம். ஆனா குட்டை.”

அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போதுகூட அந்தப் பல்லைப் பற்றியே பேசினாள். கஞ்சி கழுத்தில் வழிந்தது. கரண்டியை வாங்கிக்கொண்டு, இரண்டு மணி நேரம் இன்ஜின் ஓடினால் டீசல் எவ்வளவு போகும் என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

“அஞ்சு லிட்டராவது போகும்” என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். நோட்டை எடுத்து வந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். டீசல் ஒரு லிட்டர்கூட அதிகமாகப் போகவில்லை. வேறு டிரைவர் என்றால் அவள் முதலில் அதைத்தான் பார்த்திருப்பாள். பொறாமை வந்ததும் அந்த டீசல் பத்தி மட்டும் கண்ணில் படவில்லை.

அப்புறம் அவளே சொன்னாள். ரிப்பேருக்குப் பிறகு அந்த வண்டியில் மீட்டர் ஒயரைத் தப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இன்ஜின் ஓட வேண்டியதில்லை, சாவியைத் திருகி வைத்தாலே மீட்டரில் மணி ஏறும். சாவியைத் திருகினால் ஓடுவது கேபினில் இருக்கும் சின்ன ஃபேன்.

அப்படியானால் ஃபேனைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் யாரோடு?

மறுநாள் மாலை பக்கத்து வீட்டம்மாவை அப்பாவுக்குத் துணையாக உட்கார வைத்தாள். “நீங்களும் வாங்க. தனியா போனா கை நீட்டிருவேன்” என்றாள். எங்கே தேடுவது என்று முதலில் ஷெட் வாட்ச்மேனைக் கேட்டோம். அவர் ஷெட்டின் பின்பக்கம் கையைக் காட்டினார். அவள் நான்கரைக்கு வீட்டுக்குக் கிளம்புவாள்; அவள் வீட்டுக்காரர் ஐந்து மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து கடைசி வரிசையில் விட்டுவிட்டு ஏழு மணி வரை இறங்கமாட்டாராம்.

கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே சுவர். வேறு யாரும் இல்லை.

“இங்க என்ன பண்றீங்க?”

“ஒண்ணும் பண்ணல.”

“ஒண்ணும் பண்ணாம இருக்க வீடு இல்லையா?”

“வீட்டுக்கு வந்தா நீ கிலோமீட்டர் கேப்ப. மாமா முனகுவாரு. இங்க யாரும் எதுவும் கேக்கல.”

அவள் முகம் தொங்கிப்போனது. “அந்தப் பல்லுக்காரியா இருந்தா நாலு கேள்வியாவது கேட்டிருப்பேன்” என்றாள் என்னிடம். காலி சீட்டை என்ன கேட்பது?

சுற்றிப் போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். “சாவிய அணைங்க, மணி ஏறுது” என்றாள். ஃபேன் நின்றது. அந்தப் புழுக்கத்திலும் இரண்டு பேரும் இறங்கவில்லை. அப்பாவைப் புரட்ட வேண்டிய நேரமாகிவிட்டதால் நான் வந்துவிட்டேன்.

இப்போது அந்த வண்டிக்கு ஒரு மணி நேரம் ஓய்வு என்று நோட்டில் அவளே எழுதுகிறாள். அது ஒன்றேகால் மணி நேரமாகிவிட்டால், மற்ற டிரைவர்களைப் போலவே அவரையும் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்கிறாள்.