மேளத்துக்கு நெருப்புத் தேடி ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு படையெடுப்பு

சென்ற வெள்ளிக்கிழமை நான் லண்டன் மாநகர்மீது படையெடுத்தேன். படை என்றால் இரண்டு பேர்: நானும், எங்கள் மேல்மாடி அறையில் குடியிருக்கும் மாலாவும். நீலகிரி இருளர் பிள்ளை. தன் ஊர்ப் பாட்டுகளைப் பற்றித்தான் இங்கே ஆராய்ச்சி. பல்கலைக்கழகத்தில் பழங்குடி மாணவர்களுக்கான பண்பாட்டு நாள். இரண்டு மணிக்கு அவளுக்கு மேடை.

மெட்ரோபொலிட்டன் ரயிலில் யூஸ்டன் சதுக்கத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கட்டணம் ஐந்து பவுணுக்குள். மாலா கொண்டுவந்த மேளத்துக்கு டிக்கெட் இல்லை, ஆனால் நான் அதற்குப் பிடித்துக் கொடுத்த இருக்கையை எந்த மகாராணியும் கண்டிருக்கமாட்டார்.

பல்கலைக்கழக வாசலில் மாலாவின் படம், என் கராஜ் கதவைவிடப் பெரிது. கீழே, 'உங்கள் மரபை உயிரோடு கொண்டுவாருங்கள்.' கொண்டுவந்தோமே! அனலில் தோலைக் காய்ச்சினால்தான் அந்த மேளம் பேசும். காய்ச்சும்போதே பாட்டும் தொடங்கிவிடும். முற்றத்தில் சின்ன அடுப்பு வைக்கலாம் என்று முன்பே சம்மதித்திருந்தார்கள். இப்போது பண்பாட்டு அதிகாரி கையைப் பிசைந்தார். பாதுகாப்புப் பிரிவு மறுத்துவிட்டதாம். பதிலுக்கு ஒன்றை நீட்டினார். ஹேர் ட்ரையர்!

தேம்ஸ் நதி கொதித்திருக்கும். நான் அதற்கு முன்பே கொதித்துவிட்டேன். அதே முற்றத்தில் பத்துப் பேர் சிகரெட் ஊதிக்கொண்டு நின்றார்கள்.

"நெருப்பு இல்லாம பாடினா அது எங்க பாட்டே இல்ல மாமா," என்றாள் மாலா. "படத்துல மட்டும் நான் வேணும் இவங்களுக்கு."

"வா பிள்ளை, லண்டனிலை நெருப்புக்குப் பஞ்சமே?" என்றேன்.

வெளியே நடைபாதையில் ஒரு கச்சான் வண்டி. வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த நம் இலங்கைத் தமிழர்.

"அண்ணை, உங்கட அடுப்பிலை மேளம் காய்ச்ச ஏலுமோ?"

"ஓம், பிடியுங்கோ. கச்சானிலை தூசி விழுந்தா மட்டும் உங்களையும் சேர்த்து வறுப்பன்."

தோல் இறுகியது. மாலா விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் பாடத் தொடங்கினாள். முதல் அடியில் இங்கிலாந்தின் புறாக்கள் அத்தனையும் பிரான்சுக்குப் பறந்தன. மண்டபமே காலியாகி நடைபாதைக்கு வந்தது. அதிகாரியும் வந்தார், போனை உயர்த்திப் படமெடுத்தபடி. இதையெல்லாம் தாமே ஏற்பாடு செய்ததுபோல ஒரு புன்னகை வேறு!

முடிந்ததும், "அடுத்த வருடமும் கட்டாயம் வரவேண்டும்," என்றார்.

மாலா மேளத்தை உறைக்குள் வைத்தபடி சொன்னாள்: "அடுப்ப உள்ள வைங்க சார், நான் உள்ள வர்றேன்."

மரபை ஆதரிக்கும் பல்கலைக்கழகத்துக்கு மேளத்தோடு போகிறவர்களுக்கு என் ஆலோசனை: மதியத்துக்கு முன் ஏறுங்கள், நெரிசல் குறைவு. போய் இறங்கியதும் முதலில் கச்சான் வண்டி எங்கே என்று பாருங்கள். மண்டபத்தைப் பிறகு தேடலாம்.