காதலை வெட்டும் தவரூபன்

2006இல் கிளிநொச்சித் தொலைக்காட்சி நிலையமொன்றில் தவரூபனுக்குக் கிடைத்த உத்தியோகம், வெள்ளிக்கிழமைப் படங்களிலிருந்து காதலை வெட்டி எடுப்பது. கணினியில் இரண்டு தட்டுத் தட்டினால் கடற்கரைப் பாட்டு மறைந்துவிடும். ஒருவரையொருவர் கண்டறியாத நாயகனும் நாயகியும் கடைசிக் காட்சியில் மாலை மாற்றுவார்கள். மீந்த நேரத்தை வயற்பூச்சிகள் பற்றிய விளக்கம் நிரப்பும்.

இத்தனைக்கும் தவரூபன் உருத்திரபுரத்துச் சுகந்தினியை இரண்டு வருடமாகக் காதலித்துக்கொண்டிருந்தான். அவளின் தகப்பன் அம்பலவாணரோ, காதல் என்ற சொல் காதில் விழுந்தாலே மண்வெட்டியைத் தேடுகிறவர். எப்படிப் போய்ப் பெண் கேட்பது?

ஆனால் வெள்ளிக்கிழமைப் படத்தை மட்டும் அம்பலவாணர் தவறவிடுவதில்லை.

"முந்தித் தியேட்டரில பாக்கேக்க இந்தப் படம் முழுக்க ஊத்தை," என்றார் ஒருநாள். "இப்ப பேச்சுக்கலியாணம் மாதிரி எவ்வளவு வடிவு. ஆர் பிள்ளை வெட்டினது?"

"தவரூபன் எண்டு ஆரோ ஒராளாம், அப்பா," என்றாள் சுகந்தினி.

"அப்பிடியான பொடியன் காதல் கீதல் எண்டு திரியமாட்டான். உனக்குக் கேட்டுப் பாப்பம்."

பெண் பார்க்க வந்த தவரூபன், தேநீர் நீட்டியவளை முன்பின் தெரியாதவன்போல நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன பேர்?"

"சுகந்தினி. உங்கட?"

அம்பலவாணருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.