சரியாத அடுக்கு

சலவை நிலையத்தில் அவளுக்கு ‘அவசரம்’ என்றுதான் பெயர். விடுதிகளுக்குப் போகும் படுக்கை விரிப்புகளை ஏற்றிக்கொண்டு அவள் வேனைக் கிளப்பினால், வாசலில் நிற்பவர்கள் தாங்களாகவே சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தாலும் கடைசி வரைக்கும் மிதித்துக்கொண்டு போய்த்தான் பிரேக்கை அமுக்குவாள். பச்சை விழுந்ததும் ஒரே பாய்ச்சல். அப்படி ஓட்டினால்தான் வேலை ஓடுகிறது என்று அம்மாளுக்கு நினைப்பு.

வண்டி ஓட்ட வருவதற்கு முன்னால் பல வருஷம் இஸ்திரி அறையில் வெந்தவள் அவள். கெஞ்சிக் கூத்தாடித்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அதனால், இரண்டு பழைய வேன்களையும் விற்றுவிட்டு ஒரே ஒரு பெரிய வண்டி வாங்கப்போவதாக முதலாளி சொன்னபோது அதை ஓட்டப்போவது யார் என்றுதான் அவள் முதலில் கேட்டாள். மாதக் கடைசியில் இரண்டு வேனும் ஒரே சுமையோடு ஒரே பாதையில் போய் வரவேண்டும். எந்த வேன் டீசல் குறைவாகக் குடிக்கிறதோ அதை ஓட்டியவருக்குப் புது வண்டி. மற்றவருக்கு இஸ்திரி அறை. இன்னொரு வேனை ஓட்டுபவன் யாரோ எவனோ அல்ல, அவள் புருஷனின் கூடப் பிறந்த தம்பி. ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிற வீடு.

அவளுக்கு வழி காட்டியது ஒரு கிரேன் லாரி. குறுகலான சாலையில் முன்னால் ஒரே சீராக மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது, முந்த இடம் விடவில்லை. வழி நெடுக அதைத் திட்டித் தீர்த்தாள். விடுதியில் பின்கதவைத் திறந்தால், மடித்த விரிப்புகள் அடுக்கியது அடுக்கியபடி நின்றன. தினமும் சரிந்து கிடக்கிறதே என்று அவளை வாங்கு வாங்கென்று வாங்கும் சரக்கறைக்காரி அன்றைக்கு வாயே திறக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் டீசல் முள்ளும் வழக்கத்தைவிட மேலே நின்றது. அவளுக்குப் பொறி தட்டியது. அடுக்கு சரிந்தால் டீசலும் சரிகிறது!

அதற்கப்புறம் அவளுடைய கவனமெல்லாம் முதுகுக்குப் பின்னால்தான். சிவப்பு தெரிந்ததும் காலை எடுத்து வண்டியை அதன் போக்கில் தவழவிட்டாள். பச்சைக்குப் பூப்போல மிதித்தாள். சரக்கு இறக்கும்போது எஞ்சினை அணைத்தாள், டயரில் காற்றுப் பார்த்தாள், வருஷக்கணக்காக வேனில் கிடந்த உடைந்த இரும்புக் கம்பிகளைத் தூக்கி எறிந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புருஷனை எழுப்பி எழுப்பிச் சொன்னாள், அவனோ புரண்டு படுத்தான்.

கொழுந்தனிடமும் ஒரு வித்தை இருந்தது. இறக்கம் வந்தால் நியூட்ரல். சும்மா உருளுகிற வண்டிக்கு எதற்கு டீசல் என்று சாப்பாட்டு நேரத்தில் மார்தட்டுவான். அவள் மெக்கானிக்கிடம் கேட்டுப் பார்த்தாள். நியூட்ரலில் எஞ்சின் தன்னை ஓட்டிக்கொள்ளவே டீசல் குடிக்கும், கியரில் விட்டுக் காலை எடுத்தால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும், டீசல் நின்றுவிடும், வண்டியும் பிடியில் இருக்கும் என்றார் அவர். இதை அப்படியே கொழுந்தனிடம் சொன்னாள். அண்ணி தன்னைக் குழப்பப் பார்க்கிறாள் என்று அவன் சிரித்தான்.

போட்டி நாளில், சலவை நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெட்ரோல் பங்க்கில் இரண்டு டாங்கும் தளும்ப நிரம்பின. நீண்ட இறக்கத்தில் கொழுந்தன் கையை ஆட்டிக்கொண்டே அவளைக் கடந்து உருண்டான். அவளுக்குக் கால் துடித்தது. ஒரே ஒரு மிதி மிதித்தால் போதும், பிடித்துவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தரையிலேயே வைத்திருந்தாள். பின்னால் ஒரு விரிப்புகூட அசையவில்லை.

திரும்பி வந்தபோது இஸ்திரி அறையே பங்க்கில் கூடிவிட்டது. டாங்க் மறுபடி தளும்ப எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் குடித்த கணக்கு. முதலில் கொழுந்தன் வேன். குழாய் ஊற்றிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. அடுத்து அவளுடையது. ஊற்ற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ‘டக்’கென்று நின்றுவிட்டது. குழாயில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னொரு தடவை அமுக்கச் சொன்னாள். மறுபடியும் ‘டக்’. கூட்டம் ஓவென்று கத்தியது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கொழுந்தன் தன் டாங்க் மூடியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே வந்து நின்றான்.

“அந்த இறக்கத்துல என்ன அண்ணி பண்ணீங்க?”

“ஒண்ணுமே பண்ணலப்பா. கியர்லயே விட்டுட்டுச் சும்மா இருந்தேன்.”

முதலாளி புது வண்டியின் சாவியை அவளிடம் நீட்டினார். கொழுந்தனின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கை எழவில்லை. இஸ்திரி அறையின் வெக்கை எப்படிப்பட்டது என்று அங்கே அவளைவிட யாருக்குத் தெரியும்? கொழுந்தன்தான் முதலில் பேசினான்.

“வாங்கிக்கோங்க அண்ணி. இன்னும் கொஞ்ச நேரம் யோசிச்சீங்கன்னா நான் வாங்கிடுவேன்.”

அவள் வாங்கிக்கொண்டாள்.