வீட்டுப் பெயர்

எங்கள் பேச்சை ஆராய பிராகிலிருந்து வந்த செக் பேராசிரியர் அவர். நெடிய உருவம், பர்மாவின் கியாக்டடாவில் எங்கள் வீட்டுக்குள் குனிந்துதான் நுழைவார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். அதில்தான் அம்மா ஏமாந்தாள்.

எங்களுக்கு வெளியில் பர்மியப் பெயர். தமிழ்ப் பெயர் வீட்டுக்குள் மட்டும். அம்மா தன் கதையோடு அதையும் சொன்னாள். “உங்க பேரை மறைச்சிடுவேன்மா” என்று வாக்குக் கொடுத்தார்.

கட்டுரை இணையத்தில் வந்தது. அம்மாவின் கதைக்கு மேலே ‘அமிர்தவல்லி’ என்றிருந்தது. போனில் கேட்டோம்.

“அடையாள அட்டைப் பேரை எங்கயும் போடலையே!” என்றார் பெருமையாக.

“அது ஊருக்கே தெரிஞ்ச பேருய்யா. என் வீட்டுக்காரர் கூப்பிட்ட பேரையில்ல போட்டுட்டீங்க?”

அவ்வளவு படித்தவருக்கு நிஜமாகவே புரியவில்லையா? எனக்கு இன்றும் விளங்கவில்லை. இப்போது பெரியம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அம்மா திரும்புவதில்லை.