வெள்ளிக்கிழமை மட்டும் விழித்த கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில், ஆம்பூரில் நடந்தது இது. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, வேலூரில் கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஒரு தோல் தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். ஏற்றுமதிக் காகிதங்களை எல்லாம் கம்ப்யூட்டரிலேயே அடித்துவிடலாம் என்று முதலாளியிடம் மூச்சுவிடாமல் பேசி, ஒன்றை வாங்க வைத்ததே நான்தான். அதற்கென்று தனி அறை. உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஷூவுக்குத் தோல் அனுப்புகிற இடத்தில் வெறுங்காலோடு நடக்கச் சொல்கிறானே என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள்.

முதல் வாரமே மெஷின் காலை வாரியது. சுவிட்சைப் போட்டால் பச்சை விளக்கு எரியும், உள்ளே சின்ன விசிறி சுற்றும், அவ்வளவுதான். திரை இருட்டாகவே இருக்கும். விசிறி சுற்றுகிறதே, அப்படியானால் கரண்டில் குறையில்லை, உள்ளேதான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். மூடியைக் கழற்றினேன். உள்ளிருந்த கார்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முனைகளை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். கேபிளை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மெஷினை விற்ற மெட்ராஸ் கம்பெனிக்குப் போன் போட்டோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயிலிலிருந்து இறங்கி வந்த இன்ஜினியர் சுவிட்சைத் தட்டினார். பீப் என்று ஒரு சத்தம், திரையில் எழுத்துகள் ஓடின! சாயங்காலம் வரை நன்றாகவே ஓடியது. சனிக்கிழமை காலை மறுபடியும் இருட்டு. அடுத்த வெள்ளிக்கிழமையும் இதே கதை. "நல்லா இருக்கிற மெஷினுக்கு எதுக்கு சார் என்னை வரவழைக்கிறீங்க?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார்.

எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. தூக்கத்திலும் கார்டுகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா தம்பி, இன்னிக்கும் எழுந்துக்கலையா?" என்று தினமும் கேட்டுவிட்டுத்தான் டைப்பிஸ்ட் அக்கா தன் டைப்ரைட்டரின் உறையை எடுப்பார்.

முதலாளி அதற்கும் மேலே. "நம்ம பசங்களே ஜும்மா தொழுகைக்கு லேட்டாத்தான் கிளம்புறானுங்க. இது மட்டும் வெள்ளிக்கிழமை கரெக்டா எழுந்துக்குது பாரு!"

அலுவலகமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் அவர் சிரிக்காமல் சொன்னார்: "வர்ற வெள்ளிக்கிழமை வந்து தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டேன். அது போய்ட்டா உனக்கு இங்க இன்னா வேலைன்னு நீயே யோசிச்சுக்கோ தம்பி."

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. இன்ஜினியர் இன்னும் வரவில்லை. முதலாளியும் பலரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மிச்சப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை என்று சுவிட்சைப் போட்டேன். பீப்! உடனே வந்துவிட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனவன் அப்படியே நின்றேன்.

அந்தத் தண்ணீரில் எப்போதும் சின்னச் சின்ன வளையங்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கொட்டகையில் தோலைப் போட்டு உருட்டும் பெரிய மர டிரம்கள் ஓடுகிற அதிர்வு அது. அன்றைக்குத் தண்ணீர் அசையாமல் நின்றது.

ஜும்மா நேரத்தில் டிரம்களை நிறுத்திவிடுவார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஆட்கள் திரும்பினார்கள். டிரம்கள் ஓட ஆரம்பித்ததும் டியூப்லைட் லேசாக மங்கியது. கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நானே அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். இருட்டு!

முதலாளியிடம் ஓடினேன். "பாய், ஒரு நிமிஷம் டிரம்மை எல்லாம் நிறுத்தச் சொல்லுங்க."

"டப்பாவுக்காக டிரம்மை நிறுத்தணுமா? உள்ள இருக்கிற தோலு பாழாப்போனா யாரு பதில் சொல்றது?" என்று டிரம் கொட்டகை மேஸ்திரி குதித்தார். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைக் காட்டினார். டிரம்கள் ஒவ்வொன்றாக நின்றன. சுவிட்சைப் போட்டேன். பீப்!

மெஷினைத் தூக்கிப்போக ஆள், கயிறு சகிதம் உள்ளே வந்த இன்ஜினியர் வாசலிலேயே நின்றுவிட்டார். மீட்டர் வைத்துப் பார்த்தார். டிரம்களின் மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. விசிறிக்கு அது போதும், மெஷின் எழுந்திருக்கப் போதாது. எழுந்துவிட்டால் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. மெஷினுக்குள் கரண்டை வாங்கிக் கொடுக்கும் பெட்டியே பலவீனமாம்.

"கயித்தை வெளிய வை. புதுப் பெட்டி போட்டுக் குடு" என்றார் முதலாளி. "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா, ஜும்மாவுக்குத்தான் எழுந்துக்குதுன்னு!"

சொன்னார்தான். அதன் பிறகு எத்தனையோ மெஷின்களைத் திறந்து பார்த்துவிட்டேன். இன்றும் ஒரு கோளாறைப் பற்றி யாராவது கேலி பேசினால், ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கேலியை முழுசாகக் கேட்டுக்கொள்கிறேன்.